என் அண்ணன் எனக்குத் தம்பியான விதம்

எங்கள் அப்பாவின் உரக்கடையில் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு ஒன்று இருந்தது. தரையோடு ஒட்டிய இரும்புப் பலகை, அதன் தலைமாட்டில் ஒரு தூண், தூணின் மேல் கோடு போட்ட தண்டு, தண்டில் நகரும் பித்தளைக் குண்டு. கடை கடலூர் முதுநகரில். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை அடைப்பதற்கு முன் அப்பா கடைசியாக நிறுப்பது என் அண்ணனை. யூரியா மூட்டைகளை இறக்கிய பலகையில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பான். சிந்திக் கிடக்கும் வெள்ளை உரத்தின் மேல் அவனுடைய சின்னப் பாதங்கள் இரண்டும் பதியும். குண்டு நகரும், பிறகு நிற்கும். போன வாரம் எந்தக் கோட்டில் நின்றதோ அதே கோட்டில்தான் நிற்கும். அப்பா கோட்டைப் பார்ப்பார், அவனைப் பார்க்கமாட்டார். "எறங்கு" என்பார். கூலியாளிடம் மூட்டையை இறக்கச் சொல்கிற அதே குரல்.

பிற்காலத்தில் நான் எடைக்கற்களுக்கும் தராசுகளுக்கும் முத்திரை போடும் ஆய்வாளராக வேலை பார்த்தேன். பொய் சொல்லும் தராசுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்பாவின் தராசு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். பத்து வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் போல வளர்ந்தான், பிறகு நின்றுவிட்டான். அவனுக்குப் பதினாறு ஆனபோது உயரம் நாலடி மூன்று அங்குலம். எனக்குப் பதின்மூன்று, ஐந்தடியைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அவன் குரல் உடையவில்லை, மேலுதட்டில் நிழல்கூட விழவில்லை. மீனெண்ணெய் கொடுத்தார்கள், கொள்ளு அவித்துக் கொடுத்தார்கள், கொல்லைப்புற வேப்பமரத்தில் குழாய் கட்டித் தினமும் தொங்கவிட்டார்கள். தொங்கித் தொங்கி உள்ளங்கைகள் காய்த்துப்போனதுதான் மிச்சம். கடைக்கு உரம் வாங்க வரும் விவசாயிகள் விடவில்லை. "ஊர்ல இருக்கற பயிருக்கெல்லாம் உரம் குடுக்கற, சொந்தப் பயிருக்கு ஒரு கை போடக் கூடாதாய்யா?" என்பார் ஒருவர். இன்னொருவர், "போட்டுப் பாத்துருப்பாரு, வெத அப்பிடி" என்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவர்கள் போன பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல் ஓர் அறை வைப்பார்.

அம்மா மட்டும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். "என் தம்பியும் இப்பிடித்தான் இருந்தான். இருவது வயசுல கிடுகிடுன்னு வளந்தான். கொஞ்சம் பொறுங்களேன்." அந்தத் தாய்மாமனை அப்பாவுக்கு ஆகாது. "ஒன் தம்பி கதைய என்கிட்டக் கொண்டாராத" என்று முடித்துவிடுவார். அந்த வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அம்மாதான் என்பது எனக்கு விளங்க அறுபது வயது ஆயிற்று.

எங்கள் பள்ளியில் சயின்ஸ் சார் என்று ஒருவர் இருந்தார். நல்ல உழைப்பாளி, கோபக்காரர். பள்ளிக் கண்காட்சிக்கு அந்த வருடம் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு மனித வளர்ச்சி, கருவிலிருந்து ஆள் ஆகும் வரை. கருப்பைக்குள் இருக்கும் ஒன்பது மாதங்களுக்கும் ஒன்பது மண் உருவங்கள் வேண்டுமென்று வண்டிப்பாளையத்தில் பொம்மை செய்பவரிடம் சொல்லியிருந்தார். அந்த மனிதர் அதுவரை பிள்ளையாரும் கொலு பொம்மையும் தவிர வேறெதுவும் செய்ததில்லை. முதல் மூன்று மாதத்து உருவங்கள் கொழுக்கட்டை மாதிரி இருந்தன, அதில் குற்றமில்லை. ஐந்தாம் மாதத்திலிருந்து எல்லாக் கருவும் தவழும் கண்ணனின் முகத்தோடு சிரித்தன. ஏழாம் மாதத்துக்குச் சுருட்டை முடியும் நெற்றியில் திலகமும் இருந்தன. சார் பிளேடால் திலகத்தைச் சுரண்டினார். சிரிப்பைச் சுரண்ட முடியவில்லை.

பிறந்த பிறகு உள்ள வயதுகளுக்கு அவர் பொம்மை வைக்கவில்லை, உயிருள்ள பிள்ளைகளையே நிறுத்தினார். தாயின் மடியில் ஒரு வயதுக் குழந்தையில் தொடங்கிப் பதினெட்டு வயது வாலிபன் வரை வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவர் கழுத்திலும் வயதையும், அந்த வயதில் இருக்க வேண்டிய உயரத்தையும், எடையையும் எழுதிய அட்டை. அவர்கள் தலைக்கு மேல், ஹாலின் இந்த முனையில் தாழ்வாக ஓர் ஆணி, அந்த முனையில் உயரமாக ஓர் ஆணி, இரண்டுக்கும் நடுவே வளைந்து ஏறும்படி சிவப்புச் சாயம் தோய்த்த சணல் கயிறு. எல்லார் உச்சந்தலையும் கயிற்றைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. பதின்மூன்றில் நிற்க என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். நான் கயிற்றை இரண்டு அங்குலம் தூக்கினேன். "முட்டிய மடிச்சி நில்றா, படிப்புல இல்லாத வளத்தி ஒனக்கு எதுக்குடா?" என்றார். கண்காட்சி நடந்த இரண்டு நாளும் முழங்காலை மடித்துத்தான் நின்றேன். இன்றைக்கு எனக்கு இருக்கும் மூட்டுவலிக்கு அதுதான் காரணம் என்று சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள்.

அத்தனை அட்டைகளையும் அழகான கையெழுத்தில் எழுதியவன் அண்ணன். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் அவன்தான் முதல் மாணவன், சாருடைய செல்லப்பிள்ளை. எழுதி முடித்துவிட்டு, பதினாறு என்று போட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதுல நான் நிக்கட்டுமா? எனக்குப் பதினாறுதான்" என்று கேட்டான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சார் சிரிக்கவில்லை, கயிற்றை அண்ணாந்து பார்த்து யோசித்தார். "நீ நின்னா கயிறு ஒன் தலைக்கு ஒரு மொழம் மேல நிக்கும்டா. வர்றவங்களுக்கு என்னான்னு பதில் சொல்றது?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். முதல் நாள் காலையில் பத்து வயதில் நிற்க வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. சார் வரிசையில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பத்து என்று அவனே எழுதிய அட்டையை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினார். அவன் உச்சந்தலை கயிற்றை மிகச் சரியாகத் தொட்டது. "பிரமாதம்! இவன்தான் கரெக்ட்டா இருக்கான்" என்று சார் மனதாரச் சந்தோஷப்பட்டார். அவருக்கு அதில் கெட்ட எண்ணமே இல்லை. அதனால்தான் அது அவ்வளவு கொடுமையாக இருந்தது.

எனக்கு மூன்று ஆள் தள்ளி, எனக்கு முன்னால், என் அண்ணன் நின்றான். தலைமை விருந்தினராக வந்த அதிகாரியின் மனைவி வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்து, அவன் கன்னத்தைத்தான் கிள்ளினார். "எந்த கிளாஸ் கண்ணு?" சார் அவனை முறைத்தார். உடையாத அந்தக் குரலில், "அஞ்சாவது, மேடம்" என்றான் அண்ணன். அப்போது அப்பா கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் அவருடைய சிதம்பரத்து வியாபார சிநேகிதர். அவருக்கு எங்கள் வீட்டு விவரம் எதுவும் தெரியாது. அவர் அண்ணனையும் அட்டையையும் பார்த்துவிட்டு, "அட, ஒங்க பையனா? பத்து வயசுக்கு நல்ல வளத்தி" என்றார்.

அப்பாவின் முகத்தை நான் மடித்த முழங்காலோடு நின்று பார்த்தேன். ஆறு வருடமாகத் தன் மகனைப் பற்றி யாரும் நல்ல வளர்த்தி என்று அவரிடம் சொன்னதில்லை. அவர் மறுக்கவில்லை. "ஆமாங்க, அவங்கம்மா வாகு" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. ஒரு மனிதன் சந்தோஷப்பட்டதைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வருடம் கடையைச் சிதம்பரத்துக்கு மாற்றினார். வியாபாரம் அங்கே நன்றாக இருக்கும் என்று வெளியில் சொன்னார். மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பால் காய்ச்சிய அன்று அக்கம்பக்கத்தார் வந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்து, "ஒங்களுக்கு ரெண்டு பையனா? பெரியவனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். அவர் கண் என் மேல் இருந்தது. அப்பா ஒரு மூச்சுகூடத் தாமதிக்கவில்லை. என் தோளில் கையை வைத்து, "பெரியவனுக்குப் பதினாலு முடிஞ்சிடுச்சி. சின்னவன் அவனுக்கு ஒரு வருஷம் எளையவன்" என்றார். அண்ணனுக்கு அப்போது பதினேழு.

அன்று மாலை அப்பா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பழக்கினார். வெளியாட்கள் முன்னால் நான் அவனைத் தம்பி என்றும், அவன் என்னை அண்ணா என்றும் கூப்பிட வேண்டும். "சொல்லிக் காட்டுங்கடா" என்றார். நான் சொல்லிவிட்டேன். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. தராசுக்கட்டையால் அடித்தார். மூன்றாவது அடியில், "அண்ணா" என்றான். "இன்னொரு வாட்டி." மறுபடியும் சொன்னான். இரண்டாவது தடவை அந்தச் சொல்லில் ஓர் ஏளனம் ஏறியிருந்தது. இன்றுவரை அவன் குரலை விட்டு அது இறங்கவில்லை.

பெயரில் மட்டும் நடந்திருந்தால் சகித்திருக்கலாம். எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மார்க் வாங்கியவனை அப்பா பி.யு.சி. சேர்க்கவில்லை. பதின்மூன்று வயது என்று சொன்ன பையனை எப்படிக் காலேஜுக்கு அனுப்புவது? தெரு கேட்கும். வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 'சின்னவனுக்கு நெஞ்சுச் சளி, ஒடம்பு சரியில்ல, வீட்லயே படிக்கறான்' என்பது வெளியில் சொன்ன கதை. நான் பள்ளி முடித்துக் காலேஜ் போகும் வரை என் பாடப்புத்தகங்களையே அவனும் படித்தான். அவன் எப்போதோ முடித்துவிட்ட பாடங்கள். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். வாசலில் யாராவது நின்றால் உடனே குரலை மாற்றி, "அண்ணா, இந்தக் கணக்கு எனக்குப் புரியல, சொல்லிக் குடேன்" என்பான். நான் திணறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே பொழுதுபோக்கு அது. அம்மா அந்த வருடங்களில் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்குள் அவனைப் பெரியவனே என்பாள். வெளியாள் இருந்தால் எங்கள் இருவரையுமே எந்தச் சொல்லாலும் கூப்பிடமாட்டாள், கையைத் தட்டிக் கூப்பிடுவாள்.

அவன் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தான். அதை என்னிடம் சொல்லியிருக்கிறான். "நான் ஒன்ன விட ஒசந்துட்டா அப்பா உண்மையச் சொல்லிடுவாரு. சொல்லித்தான ஆவணும்? அப்பறம் மறைக்கறதுக்கு என்னா இருக்கு?"

உயர்ந்தான். அம்மா சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. பத்தொன்பதை நெருங்கும்போது குரல் உடைந்தது. ஒரே வருடத்தில் நாலு அங்குலம், அடுத்த வருடம் அதற்கும் மேல். அம்மா கால்சட்டை மடிப்புகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள், பிரிக்க மடிப்பு இல்லாமல் போனதும் வேட்டிக்கு மாறினான். எனக்கு ஒரு வருடம் பின்னால் அவனும் காலேஜில் சேர்ந்தான். இருபத்திரண்டு வயதில், என்னைவிட ஓர் அங்குலம் கூடியிருக்கிறான் என்று சுவரில் தலையை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட அன்றே, கடைக்குப் போய் அப்பாவின் முன்னால் நின்றான். நானும் கூடப் போயிருந்தேன். கடையில் யாரும் இல்லை.

"இப்பச் சொல்லுங்கப்பா" என்றான்.

"என்னாத்தச் சொல்றது?"

"யாரு பெரியவன்னு. எதுத்த வீட்டுலயாச்சும் சொல்லுங்க. ஒருத்தருகிட்டச் சொன்னாப் போதும்."

அப்பா கணக்கிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. எனக்குக் குறிஞ்சிப்பாடியில் பெண் பேசி வைத்திருந்தார்கள், மூத்த மகனுக்கு என்றுதான் பேச்சு. "இப்ப மாத்திச் சொன்னா பொண்ணு குடுக்கறவங்க என்னாடா நெனைப்பாங்க? அவன் கல்யாணம் முடியட்டும்" என்றார். பிறகு, ஏதோ சமாதானம் சொல்வது போல, "தம்பிங்க அண்ணன விட ஒசரமா வளர்றது ஊர்ல இல்லாததா? ஒருத்தரும் தப்பா நெனைக்கமாட்டாங்க, போ" என்றார்.

வளர்ந்தால் தீரும் என்று நம்பியிருந்தவன். வளர்ந்ததே பொய்க்கு முட்டுக்கொடுத்துவிட்டது. அன்றைக்கு அவன் கடையை விட்டு வெளியே வந்து, தெருவில் வைத்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி என்னைக் கூப்பிட்டான். "வா, அண்ணா, போலாம்." அதற்குப் பிறகு அப்பாவிடம் அவன் எதுவும் கேட்டதில்லை. என் கல்யாணம் முடிந்தது. எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்கள் அவனைச் சித்தப்பா என்றார்கள். யாரும் திருத்தவில்லை. அவன் விலங்கியல் படித்து ஒரு கல்லூரியில் ஆசிரியரானான், அண்ணாமலை நகரில் வீடு கட்டினான், வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கரு வளர்ச்சிப் பாடம் நடத்தினான். சான்றிதழில் பிறந்த தேதி உண்மையானது என்பதால் எனக்கு மூன்று வருடம் முன்னால் ஓய்வு பெற்றான். "அண்ணனுக்கு முன்னாடியே தம்பி ரிட்டயர் ஆயிட்டாரே, என்னா அவசரம்?" என்று தெருவில் கேலி செய்தார்கள். "எனக்கு எல்லாமே அவசரம்தான்" என்றான் அவன்.

அதற்கு வெகுகாலம் முன்பே அப்பா போய்விட்டார். பக்கவாதம் வந்து ஒரு மாதம் படுக்கையில் இருந்தார். ஒரு நாள் குழறிய வாயால், "பெரியவன வரச் சொல்லு" என்றார். நான் கட்டிலருகே போய் நின்றேன். தலையை ஆட்டினார். "நீ இல்ல." அவருக்குத் தன் கொள்ளியைப் பற்றிய கவலை வந்துவிட்டது. தகப்பனுக்கு மூத்த மகன் வைக்க வேண்டும், இல்லையென்றால் போகிற இடத்தில் சேராது என்ற நம்பிக்கை. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன், வந்தான். ஆறடிக்கு நெருங்கிய உடம்பை வளைத்து அப்பாவின் காதருகே குனிந்தான். நல்ல மகன் பேசுவது போலவே பேசினான். "என்னப்பா? பெரியவன் இங்கதான நிக்கறான். நான் சின்னவன்ப்பா. பத்து வயசுப் பையன்கிட்டப் போயி கொள்ளி கேக்கறீங்களே?" அப்பாவின் வலது கண் மட்டும் நீர் விட்டது. இடது பக்கம் ஏற்கெனவே செத்திருந்தது. அண்ணன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, காலேஜுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனான். நாலாம் நாள் அப்பாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன்.

சில வருடங்களுக்கு முன் என் பேரன் வயதுக்குத் தகுந்த உயரம் இல்லை என்று மருமகள் அழுதாள். சிதம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன வயதுப் பெண். பையனுடைய இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "பையனுக்குப் பன்னெண்டு வயசு தாத்தா, ஆனா எலும்புக்குப் பத்துதான் ஆவுது. லேட்டா வளருவான், அவ்ளோதான். மருந்தே வேணாம், பொறுமையா இருங்க. ஒங்க குடும்பத்துல யாராச்சும் இப்பிடி இருந்தாங்களா?"

"இருந்தாங்க. என் தம்பி" என்றேன். பழக்கம்.

அம்மா தொண்ணூறைத் தாண்டி, என் வீட்டில் கிடந்துதான் இறந்தாள். கடைசி மாதங்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நீதான்டா வெக்கணும். நீதான் கடக்குட்டி. பெரியவன் கோவிச்சிக்கமாட்டான்" என்று பல தடவை சொன்னாள். தாய்க்குக் கடைசி மகன். அப்பா கணக்கில் ஒரு கொள்ளி தப்பிவிட்டது, இந்த ஒன்றாவது சரியாக அமையட்டும் என்று நானும் நினைத்திருந்தேன். என் வாழ்க்கையில் எனக்கென்று நியாயமாக வர வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பாடையைக் கட்டி முடித்தார்கள். சடங்கு செய்பவர் கொள்ளிச் சட்டியில் நெருப்பைப் போட்டுக்கொண்டு, "அம்மாவுக்குச் சின்னப் புள்ளதான? யாருங்க சின்னவரு? முன்னாடி வாங்க" என்று குரல் கொடுத்தார். தெருவே பதில் சொன்னது: "காலேஜ் வாத்தியாருதான்." அண்ணன் ஈர வேட்டியோடு முன்னால் வந்தான். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையவில்லை. நான் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அண்ணா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஐம்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. "அம்மா என்கிட்டச் சொல்லிச்சி. இது எனக்கு விட்டுடு, அண்ணா."

அவன் முகத்தில் ஏதோ அவிழ்ந்தது. வாய் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன். சட்டியிலிருந்து புகை எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது.

"சத்தமாச் சொல்லு" என்றான்.

"என்னாது?"

"இப்பக் கூப்பிட்டியே, அத. தெருவுக்குக் கேக்கற மாதிரி ஒரே ஒரு வாட்டி சொல்லு. சொல்லிட்டு வாங்கிக்க. நானே ஒன் கையில குடுக்கறேன்."

திரும்பிப் பார்த்தேன். என் சம்பந்திகள் இருவரும் நின்றார்கள். என் மகன்கள், மருமகள்கள், மூத்த மகனுக்கென்று பெண் கொடுத்த குறிஞ்சிப்பாடிக்காரர்கள், எதிர்வீட்டுப் பெரியவரின் பிள்ளைகள். என் மனைவிக்கே தெரியாது. பிணத்தை வாசலில் வைத்துக்கொண்டு இத்தனை பேருக்கு எதை, எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? சொன்னால் அப்பா என்ன ஆவார், நான் யார் ஆவேன்? அவன் காத்திருந்தான். வெயில் ஏறுகிறது என்று யாரோ சொன்னார்கள். சடங்கு செய்பவர், "சீக்கிரம், சாமி" என்றார். நான் அவன் மணிக்கட்டை விட்டேன்.

"செரி" என்றான் அண்ணன். குனிந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு, தெருவில் எல்லாருக்கும் கேட்கும்படி, "நீ பின்னால மெதுவா வா, அண்ணா. ஒனக்கு மூட்டுவலி" என்றான். அம்மாவுக்கு முன்னால் நடந்தான்.

நாலு வருடம் ஆகிறது. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஆட்டோவில் பத்து நிமிடம். போவதில்லை, வருவதில்லை. ஆனால் தினமும் காலையில் போன் செய்கிறான். வீட்டில் எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொல்கிறான். பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். "மாத்திர போட்டியா, அண்ணா?" என்பான். பிறகு பேசமாட்டான். மூச்சு மட்டும் கேட்கும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று ஒவ்வொரு நாளும் காத்திருக்கிறான்.

"போட்டுட்டேன், தம்பி" என்கிறேன். வைத்துவிடுகிறான்.